பழைய மோட்டார் சைக்கிளின் துருப்பிடித்த பெட்ரோல் டேங்க்: காரணங்களும் சீரமைப்பும்

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் என்பது மெல்லிய எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தி, விளிம்புகளை வெல்டிங் மூலம் இணைத்துச் செய்யப்படும் கலம் ஆகும். அதன் சுவர் பெரும்பாலான வண்டிகளில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனே உடையது. வெளிப்புறத்தைப் பெயின்டும் குரோம் பூச்சும் காக்கின்றன. உட்புறத்துக்குப் பல பழைய வண்டிகளில் பெட்ரோலைத் தவிர வேறு காப்பு இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை இது போதும். ஓடாமல் ஓரமாக நிற்கத் தொடங்கும்போதுதான் துரு தன் வேலையைத் தொடங்குகிறது.

சென்னை திருவொற்றியூரில் 1956 முதல் உருவான ராயல் என்பீல்டு புல்லட், மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி, பின்னர் வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100 போன்ற வண்டிகளைப் பாதுகாத்து ஓட்டுவோர் தமிழ்நாட்டில் ஏராளம். இவற்றுக்கு மாற்று டேங்க் சந்தையில் கிடைத்தாலும், பழைய டேங்கைக் காப்பாற்றவே பலர் விரும்புகின்றனர். புல்லட் டேங்கில் உள்ள பொன்னிறக் கோடுகள் ஆலையில் தூரிகை பிடித்துக் கையால் வரையப்பட்டவை. புதிய டேங்க் வாங்கினால் அந்தக் கோடு போய்விடும். புதிதாகக் கிடைக்கும் மாற்று டேங்குகளின் தகடும் எப்போதும் பழையதன் தரத்தில் இருப்பதில்லை.

துரு உண்டாகும் விதம்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் தேவை. பெட்ரோல் தானாக இரும்பை அரிப்பதில்லை. டேங்குக்குள் நீர் எப்படி வருகிறது என்பதே கேள்வி. பெட்ரோல் குறையக் குறைய, மூடியிலுள்ள காற்றுத் துளை வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்றில் உள்ள ஈரம் இரவில் குளிர்ந்த தகட்டில் பனித்துளியாகப் படிகிறது. கடலோர ஊர்களில் உப்புக் கலந்த ஈரக்காற்று இதை விரைவுபடுத்தும். பாதி டேங்கோடு ஒரு மழைக்காலம் முழுவதும் நின்ற வண்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பெட்ரோல் மட்டத்துக்கு மேலே உள்ள சுவர் மட்டும் செம்மண் பூசியதுபோல் இருப்பது இதனால்தான்.

படிந்த துளிகள் கீழே வழிகின்றன. நீர் பெட்ரோலைவிட அடர்த்தி மிகுந்தது. எனவே அடியில் போய்த் தங்குகிறது. மோட்டார் சைக்கிள் டேங்க் சட்டத்தின் மேல் சேணம்போல் உட்காருவதால் அதற்கு இடமும் வலமுமாக இரண்டு அடிவயிறுகள் உண்டு. பெட்ரோல் காக் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். மறுபக்கத்தில் தேங்கும் நீருக்கு வெளியேற வழியே கிடையாது. மேற்சுவரின் துரு பரந்ததாகவும் மேலோட்டமானதாகவும் இருக்க, அடிவயிற்றின் துரு சிறு குழிகளாகத் தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும். டேங்க் ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் கதை வேறு. 2015 டிசம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கான இருசக்கர வாகனங்கள் நீருக்குள் நின்றன. மூடியின் காற்றுத் துளை வழியே உள்ளே போவது நீர் மட்டுமன்று, சேறும்தான். அத்தகைய டேங்கை அப்படியே வைத்திருந்தால் அரிப்பு வேகமாக நடக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு காரணி. இந்தியாவில் 2022-இல் 10 விழுக்காட்டுக் கலப்பு எட்டப்பட்டு, 2023 முதல் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். வண்டி தினமும் ஓடினால் அந்தச் சிறிதளவு நீர் எஞ்சினில் எரிந்துபோவதால் தீங்கில்லை. மாதக்கணக்கில் நின்றால் நிலைமை மாறும். 10 விழுக்காட்டுக் கலப்பில், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிலிட்டருக்கு மேல் நீர் சேரும்போது எத்தனாலும் நீரும் சேர்ந்து தனிப் படலமாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றும் பழைய ஜாவா, ராஜ்தூத் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் டேங்குகள் உட்புறம் ஓரளவு நல்ல நிலையில் கிடைப்பதுண்டு. சுவரில் படியும் எண்ணெய்ப் படலம் செய்த நன்மை அது.

அறிகுறிகள்

கார்புரேட்டரின் சிறிய ஜெட்டில் உள்ள துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை அடைக்கத் துருத்தூள் ஒரு சிட்டிகைகூடத் தேவையில்லை. வண்டி சில கிலோமீட்டர் ஓடியபின் இழுவை குறைந்து நின்றுபோவதும், சற்று நேரம் கழித்து மீண்டும் கிளம்புவதும் வழக்கமான அறிகுறி. மிதவை ஊசியின் இருக்கையில் துருத்துகள் சிக்கினால் எதிர்மாறாக நடக்கும். பெட்ரோல் நிற்காமல் கார்புரேட்டர் நிரம்பி வழியும். சூடான எஞ்சின்மேல் வழியும் பெட்ரோல் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ரிசர்வுக்கு மாற்றியவுடன் வண்டி திக்கினால் டேங்கின் மேல் சந்தேகம் வலுக்க வேண்டும். காக்கின் உள்ளே நிற்கும் உயரமான குழாய் மேல்மட்டப் பெட்ரோலை எடுக்கிறது. ரிசர்வ் துளையோ அடியிலிருந்து எடுக்கிறது. அடியில் படிந்த நீரும் துருவும் முதலில் அதன் வழியாகத்தான் வரும்.

ஆனால் நின்றுபோகும் வண்டியெல்லாம் துருவால் நிற்பதில்லை. மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து பார்த்தால் போதும். காற்று உறிஞ்சும் ஓசை கேட்டு, உடனே வண்டி கிளம்பிவிட்டால் குறை மூடியில்தான் உள்ளது. டேங்கைக் கழற்றுமுன் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

கழற்றுதலும் மதிப்பிடுதலும்

பெட்ரோலை வடிக்கும் வேலை திறந்த வெளியில், நெருப்பும் மின்பொறியும் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. தரையோடு படர்ந்து சென்று, அறையின் மறுகோடியில் உள்ள அடுப்பையோ விளக்கையோ எட்டிப் பற்றிக்கொள்ளும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

காக், மூடி, ரப்பர் வாஷர்கள், பெட்ரோல் அளவு காட்டும் மிதவை இருந்தால் அதுவும் என அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். காக்கும் மூடியும் பெரும்பாலும் துத்தநாகக் கலவையிலோ பித்தளையிலோ செய்யப்பட்டவை. அமிலம் பட்டால் துத்தநாகக் கலவை டேங்கின் துருவுக்கு முன்பே கரைந்துவிடும்.

அடுத்து, உள்ளே இருப்பது மேலோட்டத் துருவா, குழி விழுந்த துருவா என்று பார்க்க வேண்டும். அடிப்பாகத்தை வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்தும்போது தகடு நெகிழ்ந்தால், அல்லது பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தால், தகடு மெலிந்துவிட்டது என்று பொருள். கசிவை உறுதிசெய்ய மெக்கானிக்குகள் செய்யும் பழைய சோதனை ஒன்று உண்டு. அடிப்புறத்தில் சாக்கட்டியைத் தேய்த்து, உள்ளே சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைப்பர். மண்ணெண்ணெய் மிக நுண்ணிய துளையிலும் ஊடுருவுவதால் காலையில் சாக்கட்டியின் மேல் ஈரப் புள்ளி தெரியும். துளைகள் நான்கைந்துக்கு மேல் போனால் அந்த அடித்தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைப்பதோ வேறு டேங்க் தேடுவதோதான் நேர்மையான வழி. ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறந்துகொள்ளும்.

துருவை நீக்குதல்

கட்டியாகத் துரு இருந்தால் முதலில் உலோகத் துண்டுகளைப் போட்டுக் குலுக்க வேண்டும். நட்டு, சிறு திருகாணி, மெல்லிய சங்கிலி ஆகியவை பயன்படுகின்றன. துண்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுப்பது அவசியம். சங்கிலி என்றால் முழுதாக வெளியே வந்துவிடும் என்பதால் அதுவே சிறந்தது. ஜல்லியும் மணலும் வேண்டாம். ஜல்லி நொறுங்கி, மடிப்புகளுக்குள் மணல் தங்கி, பிறகு ஜெட்டை அடைக்கும். உள்ளே எண்ணெய்ப் பிசின் இருந்தால் டிடர்ஜென்ட் கலந்த வெந்நீரால் முதலில் கழுவிவிட வேண்டும். பிசின்மேல் எந்த அமிலமும் வேலை செய்யாது.

எஞ்சிய துருவைக் கரைக்க வீட்டு அளவில் மிகவும் ஏற்றது சிட்ரிக் அமிலம். எலுமிச்சை உப்பு என்ற பெயரில் மளிகைக் கடைகளில் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் வரை கரைத்து, டேங்கை விளிம்புவரை நிரப்பி, 12 முதல் 24 மணி நேரம் வைத்தால் துரு கரைந்து கரைசல் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறும். மேற்சுவர்த் துருவும் நனைய வேண்டுமானால் நிரப்பியே ஆக வேண்டும். பாதி ஊற்றிக் குலுக்குவது பயன் தராது. காடியும் இதே வேலையைச் செய்யும், ஆனால் மெதுவாக. புளி கரைத்து ஊற்றுவோரும் உண்டு. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் அதே அமிலம் துருவையும் ஓரளவு கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாரும் சக்கையும் டேங்கின் மடிப்பில் சிக்கினால் அதை எடுப்பது பெரும்பாடு.

கழிப்பறை கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில நிமிடங்களில் துருவை நீக்கிவிடும். பல பட்டறைகளில் இதைத்தான் ஊற்றுகின்றனர். துருவை முடித்தபின் அது நல்ல இரும்பையும் அதே வேகத்தில் தின்னும். ஏற்கெனவே மெலிந்த தகட்டில் புதுத் துளைகள் தோன்றுவதற்கு இது காரணமாகிறது. கழுவியபின் மடிப்புகளில் தங்கும் குளோரைடு புதிய துருவைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு. சொட்டு விழுந்தால் பெயின்டும் போய்விடும். ஒரு நாள் பொறுத்திருக்க முடிந்தவருக்கு இந்த அமிலம் தேவையே இல்லை.

பாஸ்பாரிக் அமிலம் இடைப்பட்டது. பெயின்ட் கடைகளில் ரஸ்ட் ரிமூவர், ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று விற்கும் திரவங்கள் பலவற்றில் இதுவே உள்ளது. இது துருவைக் கரைப்பதோடு இரும்பின்மேல் சாம்பல் நிற பாஸ்பேட் படலத்தையும் விட்டுச்செல்லும். அந்தப் படலம் தற்காலிகக் காப்பாக உதவும்.

மின்பகுப்பு முறை நல்ல இரும்பைத் தொடாது என்பது அதன் சிறப்பு. டேங்கில் நீர் நிரப்பி, நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் சலவைச் சோடா கரைத்து, டேங்கின் சுவரைத் தொடாதவாறு ஓர் இரும்புக் கம்பியை உள்ளே தொங்கவிட வேண்டும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை டேங்கிலும் நேர்முனையைக் கம்பியிலும் இணைக்க வேண்டும். முனைகள் மாறினால் டேங்க் கரையத் தொடங்கும். கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரைசலில் கலக்கும். இம்முறையில் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த இடத்தில், தீ இல்லாமல் செய்ய வேண்டும். கம்பியின் நேர் எதிரே உள்ள பரப்பு நன்றாகச் சுத்தமாகும். சேணத்தின் மறுபக்க மடிப்பில் அவ்வளவாக ஆகாது. கம்பியை இடம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டியிருக்கும்.

உடனடித் துரு

நல்லபடியாகத் துரு நீங்கிய டேங்க் பலருக்கு வீணாவது இந்தக் கட்டத்தில்தான். அமிலம் சுத்தம் செய்த இரும்புப் பரப்பு காப்பு ஏதுமின்றி வெறுமையாக இருக்கிறது. நீரால் கழுவிவிட்டு மதிய உணவுக்குப் போய் வந்தால், உள்ளே மீண்டும் ஆரஞ்சு நிறம் படர்ந்திருக்கும். இதற்குச் சில நிமிடங்களே போதும்.

எனவே தேவையான பொருள்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே அருகில் எடுத்து வைத்துக்கொண்டு இடைவெளியின்றிச் செய்ய வேண்டும். அமிலத்தைக் கொட்டியவுடன் நீரால் அலசி, சமையல் சோடா கரைத்த நீரால் மீதி அமிலத்தை நடுநிலையாக்க வேண்டும். அப்போது நுரைத்து வாயு எழும்பும். மூடியைப் பூட்டிவிடக் கூடாது. மீண்டும் ஒருமுறை அலசி, நீரை முற்றும் வடித்து, சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ அசிட்டோனோ ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்றிக் கொட்ட வேண்டும். அது நீரைத் தன்னோடு இழுத்துச் சென்று விரைவில் ஆவியாகிவிடும். பிறகு வாய் திறந்த நிலையில் வெயிலில் வைக்கலாம். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தாலே தகடு கையைச் சுடும் அளவுக்குக் காயும். ஆல்கஹால் ஊற்றிய டேங்குக்குள் தலைமுடி உலர்த்தியைப் பிடிப்பது ஆபத்தானது. அதன் கம்பிச்சுருள் ஆவியைப் பற்றவைக்கும்.

காய்ந்ததும் ஒரு கோப்பை டூ-ஸ்ட்ரோக் எண்ணெயை ஊற்றிச் சுழற்றி வைத்தால் டேங்க் சில வாரங்கள் தாங்கும். துளை எதுவும் இல்லாத டேங்குக்கு இத்துடன் வேலை முடிந்தது. வண்டியில் மாட்டிப் பெட்ரோலை முழுதாக நிரப்பிவிடலாம். துளையை அடைக்கவோ உட்பூச்சு பூசவோ வேண்டியிருந்தால் எண்ணெய் ஊற்றக் கூடாது.

துளை அடைத்தலும் வெடிக்கும் ஆபத்தும்

வழியில் ஒழுகினால் குளியல் சோப்பை அந்த இடத்தில் அழுத்தித் தேய்ப்பது ஊரறிந்த வழி. சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் அது உண்மையிலேயே வேலை செய்கிறது, வீடு போய்ச் சேரும் வரை. எம்-சீல் போன்ற இரண்டு பகுதி எப்பாக்சிப் பிசின்கள் அதைவிட நீண்ட நாள் தாங்கும்; ஆனால் துருவையும் பெயின்டையும் சுரண்டி, வெறும் இரும்பின்மேல் வைத்தால்தான் பிடிக்கும். நிலையான தீர்வு ஈயப்பற்றோ பிரேசிங்கோ வெல்டிங்கோதான்.

இங்கு எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் கொடியது. பெட்ரோல் திரவமாக வெடிப்பதில்லை. அதன் ஆவி காற்றோடு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது வெடிக்கும். நிரம்பிய டேங்கில் அந்தக் கலவை உருவாக இடம் குறைவு. காலி டேங்கில் இடம் தாராளம். கணக்குப் பார்த்தால், 14 லிட்டர் டேங்க் ஒன்றில் வெடிக்கும் கலவை உருவாகச் சுமார் ஒரு மில்லிலிட்டர் பெட்ரோல் ஆவியானாலே போதும். வெல்டிங் மடிப்பிலும் துருப் பொருக்கிலும் அவ்வளவு பெட்ரோல் எளிதாக ஒளிந்திருக்கும். மாதக்கணக்கில் காய்ந்த டேங்க், முகர்ந்தால் வாசனையே இல்லாத டேங்க், சுடர் பட்டவுடன் அந்த மிச்சத்தை ஆவியாக்கி வெடிக்கக்கூடும். பட்டறைகளில் இத்தகைய விபத்துகளில் பக்கத்தில் நின்று டேங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் உதவியாளரும் காயமடையக்கூடும்.

பாதுகாப்பின் அடிப்படை, உள்ளே ஆவிக்கும் காற்றுக்கும் இடம் கொடாமல் இருப்பது. டிடர்ஜென்ட் வெந்நீரால் பலமுறை கழுவியபின், துளை மேல்நோக்கி இருக்குமாறு டேங்கைத் திருப்பி வைத்து, பற்று வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்ப வேண்டும். அடித்துளை என்றால் டேங்கைக் கவிழ்த்து, மூடி வாயை அடைத்து, காக் பொருந்தும் துளை வழியாக நீர் ஊற்றலாம். நீராவி வெளியேற அந்தத் துளை திறந்தே இருக்க வேண்டும். நீர் தகட்டைக் குளிர்விப்பதால் வேலை சிரமமாகும் என்று முணுமுணுக்கும் வெல்டர் உண்டு. அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ளாதவரிடம் டேங்கைக் கொடுக்கக் கூடாது. வேறொரு வண்டியின் புகையை உள்ளே செலுத்திவிட்டு வெல்டிங் செய்வதும் வழக்கத்தில் உள்ளது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறது என்று அளக்க வழியில்லாததால் அதை நம்ப முடியாது. பழகாதவர் இவ்வேலையை வீட்டில் செய்து பார்ப்பது அறவே கூடாது. கொடுக்கும்போது இது பெட்ரோல் இருந்த டேங்க் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஊசித்துளைக்கு ஈயப்பற்று பெரும்பாலும் போதும். வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 190 டிகிரி செல்சியசுக்குள் உருகுவதால் தகடு வளைவதில்லை, மேற்புறப் பெயின்டும் அவ்வளவாகக் கெடுவதில்லை. சுடர் இல்லாமல் சூட்டுக்கோலாலேயே வைக்கலாம் என்பது கூடுதல் நன்மை. முன்னெச்சரிக்கைகள் இதற்கும் அதேதான்.

உட்பூச்சு

டேங்க் சீலர் என்று விற்கும் எப்பாக்சி அல்லது பாலியூரித்தேன் திரவத்தை உள்ளே ஊற்றிச் சுழற்றி, சுவர் முழுதும் தோல்போல் படியச் செய்வது உட்பூச்சு. துரு போகாத டேங்கையும் இது காப்பாற்றும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது, அது தவறு. தளர்ந்த துருவின்மேல் படிந்த பூச்சு துருவோடு சேர்ந்தே உரியும். உரிந்த ஏடுகள் காக்கின் வலையில் ஒட்டிக்கொண்டு பெட்ரோலை நிறுத்தும். துருத்தூளைக் கழுவி எடுத்துவிடலாம். பாதி உரிந்த பூச்சை எடுக்கக் கடுமையான கரைப்பான்கள் வேண்டும். சில பழைய வகைப் பூச்சுகளை எத்தனால் இளக்கிவிடுவதால், வாங்கும்போது எத்தனால் கலப்பைத் தாங்குமா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே குழி விழுந்து ஆங்காங்கே மெலிந்த டேங்குக்கு மட்டும் பூச்சு பொருத்தமானது. நன்றாக இருக்கும் தகட்டுக்கு அது தேவையில்லை. பூசுவதானால் உட்புறம் எண்ணெயின்றி முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். மூடி வாயருகே உள்ள காற்றுக் குழாயையும் காக் துளையின் மரையையும் கிரீஸ் தடவிய அடைப்பான்களால் மூடிவிட வேண்டும். மிகுதித் திரவம் அடியில் குளமாகத் தேங்காமல் வடித்துவிட வேண்டும்; தேங்கினால் மேற்பரப்பு மட்டும் காய்ந்து உள்ளே இளகியே இருக்கும். டப்பாவில் எத்தனை நாள் காயவிடச் சொல்லியிருக்கிறதோ அத்தனை நாளும் பெட்ரோல் ஊற்றாமல் இருக்க வேண்டும்.

மீண்டும் பொருத்துதல்

காக்கின் வலையையும் ரப்பர் வாஷர்களையும் பெட்ரோல் குழாயையும் புதிதாக மாற்றுவது நல்லது. பழைய ரப்பர் எத்தனாலில் ஊதி வெடிக்கும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் டேங்கை மட்டும் சீராக்கினால் பழைய தூள் ஜெட்டிலேயே இருக்கும். காக்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையே ஒளி ஊடுருவும் சிறிய பில்டர் ஒன்றை முதல் சில மாதங்களுக்கு வைத்தால், உள்ளே துரு வருகிறதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். முதல் நூறு கிலோமீட்டருக்குள் அதில் சிறிது பழுப்புத் தூள் சேர்வது இயல்பு. பில்டரை மாற்றியபின்னும் தூள் தொடர்ந்து வந்தால் துருநீக்கம் முழுமையாகவில்லை.

நீண்ட நாள் நிறுத்தப்போகும் வண்டியின் டேங்கை விளிம்புவரை நிரப்பி வைக்கலாம். அல்லது முற்றிலும் வடித்துக் காயவைத்து எண்ணெய் தடவி வைக்கலாம். எத்தனால் மிகுந்த பெட்ரோல் மட்டுமே கிடைக்கும் ஊரில், ஆறு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் இரண்டாவது வழியே ஏற்றது.